தம்பிய கொன்னவனுக்கு தூக்கு கேக்கறது தப்பா? ஒரு அக்காவோட லெட்டருக்கு பதில்

இந்த தடவ எடுத்துக்கிட்ட லெட்டர் மலேசியா பேராக்ல ஒரு எஸ்டேட் டவுன்லேந்து வந்தது. பேரு போட வேணாம்னு கேட்டிருக்காங்க, ஆள் யாருன்னு தெரியாம இருக்க சில விவரத்த நானும் மாத்திட்டேன்.

எழுதினவங்களுக்கு 41 வயசு. போன வருஷம் கோயில் திருவிழா முடிஞ்ச ராத்திரி, டவுன்ல ஒரு சாப்பாட்டு கடைக்கு பின்பக்கம் நடந்த சண்டைல அவங்க தம்பி கத்திக்குத்து பட்டு இறந்துட்டாரு. தம்பிக்கு 29 வயசு, செம்பனை தோட்டத்துல குலை வெட்டற வேலை, சம்சாரமும் ரெண்டு வயசு பெண் குழந்தையும் இருக்காங்க. குத்தினதா சொல்ற பையனுக்கு 22, அவன மோட்டார்ல ஏத்திக்கிட்டு வந்தவனுக்கு 17. எல்லாரும் ஒரே தோட்டத்து லயத்துல வளந்த பிள்ளைங்க, லயத்த உடைச்ச பிறகு பக்கத்து தாமானுக்கு (குடியிருப்புக்கு) மாறினவங்க, இன்னிக்கும் ரெண்டு குடும்பமும் அதே மாரியம்மன் கோயிலுக்குத்தான் போகுது.

கேஸ் ஐகோர்ட்ல நடக்குது, தண்டனை சட்டம் 302, அதாவது கொலை, கூட பிரிவு 34, அதாவது சேந்து செஞ்சது. அந்த பையனோட லாயர் கொலைய விட குறைஞ்ச குற்றமான 304க்கு குறைக்க சொல்லி எழுதி குடுத்திருக்காராம், பரிசீலனைல இருக்குன்னு டிபிபி (அரசு தரப்பு வக்கீல்) சொன்னாராம். "எங்களை கேக்காம எப்படி குறைக்கலாம், தூக்க வேற எடுத்துட்டாங்களாமே, பத்து வருஷத்துல வெளிய வந்து நம்ம வாசல்லயே மோட்டார் ஓட்டுவான்னு எல்லாரும் சொல்றாங்க"ன்னு எழுதியிருக்காங்க. பையனோட அம்மா தினம் வந்து கேட்டுக்கு வெளிய நின்னு அழறாங்க. அந்த பையனோட மாமா ஒருத்தர் 20 ஆயிரம் வெள்ளி தரேன், மன்னிச்சிட்டோம்னு ஒரு லெட்டர்ல கையெழுத்து போடுங்க, கோர்ட்ல சாட்சி சொல்லவும் போகாதீங்கன்னு சொல்றாராம். இவங்களோட மக யுனிவர்சிட்டில படிக்குது, தூக்கே தப்பும்மான்னு சொன்னதுலேந்து அம்மாவும் மகளும் சரியா பேசிக்கறதில்ல. கோயில் கமிட்டில ஒரு பெரியவரு கொலைகாரன ராஜா தண்டிக்கறது களை புடுங்கற மாதிரின்னு வள்ளுவரே சொல்லிட்டாரு, தைரியமா தூக்கு கேளுன்னு சொல்லியிருக்காரு. கடைசில, "நான் தூக்கு கேக்கறதால கெட்டவளா ஆயிட்டேனா சார்"னு முடிச்சிருக்காங்க.

தங்கச்சி, முதல்ல அந்த கடைசி கேள்விக்கு வரேன். இல்ல. கூடப்பிறந்தவன ரத்தத்தோட ஆஸ்பத்திரி ஸ்ட்ரெச்சர்ல பாத்த அக்காவுக்கு அந்த கோவம் வரலன்னாத்தான் ஆச்சரியம். உங்க தம்பி உசுருக்கு ஒரு மதிப்பு இருக்கு, அத எடுத்தவன் பெருசா பதில் சொல்லியே ஆகணும்னு நீங்க நினைக்கறீங்க, அது நியாயமான நினைப்பு, அத யாரும், உங்க மக உட்பட, தப்புன்னு சொல்ல முடியாது. நான் தூக்குக்கு எதிரானவன், இத உங்ககிட்ட மறைக்கல. ஆனா அதனால உங்க கோவத்த குறைச்சு பேச மாட்டேன், சட்டம் என்ன சொல்லுதுன்னும் என் வசதிக்கு வளைச்சு சொல்ல மாட்டேன்.

தூக்க எடுத்துட்டாங்களா?

எடுக்கல. இது நம்ம டவுன்ல கடைக்கு கடை தப்பா பேசப்படற விஷயம். 2023 ஜூலை 4லேந்து நடப்புக்கு வந்த சட்டம் எடுத்தது கட்டாய தூக்க மட்டும்தான். முன்னாடி 302ல குற்றம் நிரூபணமாயிட்டா நீதிபதிக்கு வேற வழியே கிடையாது, அவரு மனசுல என்ன இருந்தாலும் தூக்குன்னுதான் படிக்கணும். இப்ப அவருக்கு ரெண்டு வழி இருக்கு, தூக்கும் குடுக்கலாம், இல்லன்னா 30லேந்து 40 வருஷத்துக்குள்ள ஜெயில், அதோட குறைஞ்சது 12 பிரம்படி. (பிரம்படி பொம்பளைங்களுக்கும் 50 வயச தாண்டின ஆம்பளைங்களுக்கும் கிடையாது, இந்த பையனுக்கு 22, அதனால உண்டு.) 2018லேந்து இந்த நாட்டுல யாரையும் தூக்குல போடல, அத நிறுத்தி வச்சிருக்காங்க, ஆனா தூக்குன்னு தீர்ப்பு எழுதற அதிகாரம் நீதிபதி கையில அப்படியேதான் இருக்கு.

பத்து வருஷ கதையும் தப்பு. ஜெயில்ல ஒழுங்கா இருந்தா மூணுல ஒரு பங்கு கழிவு உண்டு, அப்போ 30 வருஷம்னா சுமார் 20 வருஷம் உள்ள. பெரும்பாலும் புடிபட்ட நாள்லேந்து கணக்கு எடுப்பாங்க. 22 வயசுல போறவன் நாப்பத தாண்டி வருவான், அவனோட அம்மா அதுக்குள்ள இருப்பாங்களான்னே தெரியாது. இது போதுமா போதாதான்னு நீங்க நினைக்கலாம், அது உங்க உரிமை, ஆனா "விட்டுட்டாங்க"ன்னு இதுக்கு பேரு வைக்காதீங்க. பிரம்படி குடுக்கறத நான் பாத்ததில்ல, ஆனா அடி வாங்கினவங்களோட முதுகுக்கு கீழ இருக்கற தழும்ப பாத்திருக்கேன், பல வருஷம் ஆனாலும் அது மறையறதில்ல.

304க்கு குறைக்கறது

உங்கள கேக்காம குறைக்க முடியுமான்னா, முடியும். கேஸ் உங்க குடும்பத்துக்கும் அவங்க குடும்பத்துக்கும் நடக்கற வழக்கு இல்ல, அரசாங்கம் போட்ட வழக்கு, எந்த குற்றச்சாட்டு வைக்கறதுங்கற அதிகாரம் அரசியலமைப்பு 145வது பிரிவுல சட்டத்துறை தலைவருக்கு குடுத்திருக்கு, டிபிபி அவரு சார்புல நிக்கறவரு. கேக்க கசப்பாத்தான் இருக்கும். ஆனா இதே விதிதான் உங்கள காப்பாத்தவும் செய்யுது, ஏன்னா எதிர் குடும்பம் உங்கள மிரட்டியோ காசு குடுத்தோ இந்த கேஸ மூட முடியாது.

எதனால குறைக்க கேக்கறாங்கன்னு புரிஞ்சிக்கங்க. ஒருத்தர் செத்துட்டா எல்லாமே 302 ஆயிடாது. முன்கூட்டி திட்டம் போடாம, திடீர்னு வந்த சண்டைல, கோவத்தோட உச்சத்துல, அளவுக்கு மீறின கொடூரம் இல்லாம நடந்துச்சுன்னா சட்டம் அத கொலைன்னு சொல்லாம 304ல கொண்டு வந்து வைக்குது. அதுலயும் ரெண்டு பாகம் இருக்கு, சாகடிக்கணும்ங்கற எண்ணத்தோட செஞ்சிருந்தா 30 வருஷம் வரைக்கும் போகும், எண்ணம் இல்ல ஆனா செத்துடுவான்னு தெரிஞ்சே செஞ்சிருந்தா 10 வருஷம் வரைக்கும். நீங்க லெட்டர்ல ஒரு வரி எழுதியிருக்கீங்க, அவன் முதல்ல சண்டைய விட்டுட்டு போயிட்டு அரை மணி நேரம் கழிச்சு கத்தியோட திரும்பி வந்தான்னு. தங்கச்சி, இந்த கேஸ்ல முக்கியமான வரி அதுதான். அந்த அரை மணி நேரம் சாட்சியோட நிரூபணமானா "திடீர் சண்டை"ங்கற வாதம் ரொம்ப பலவீனமாயிடும். யாரு அத பாத்தாங்க, கடைக்காரர் பாத்தாரா, சிசிடிவி இருந்துச்சா, இதெல்லாம் ஐஓகிட்ட (விசாரணை போலீஸ் அதிகாரிகிட்ட) ஏற்கனவே சொல்லியாச்சான்னு சரி பாருங்க. "தூக்கு வேணும்"னு டிபிபிகிட்ட பத்து தடவ சொல்றத விட இது ஒரு தடவ சொன்னா போதும்.

மோட்டார் ஓட்டின பையன்

இங்க கொஞ்சம் நேரம் எடுத்துக்கறேன், ஏன்னா "அவனையும் சேத்து போடணும்"னு நீங்க எழுதியிருக்கீங்க.

பிரிவு 34 என்ன சொல்லுதுன்னா, ஒரே நோக்கத்தோட பல பேர் சேந்து செஞ்சா கத்திய புடிச்சவனும் கூட நின்னவனும் சட்டத்துக்கு ஒண்ணு. அவனுக்கு அந்த நோக்கம் இருந்துச்சான்னு நிரூபிக்கணும், கூட்டாளிய ஏத்திக்கிட்டு வந்தான்ங்கறது மட்டும் பத்தாது, கத்தி இருக்கறது தெரியுமா, எதுக்கு போறோம்னு தெரியுமான்னு கோர்ட் பாக்கும். இப்ப யோசிச்சு பாருங்க, அவனுக்கு 17க்கு பதிலா 19ன்னு வைங்க, நோக்கம் இருந்துச்சுன்னு நிரூபணமாயிடுச்சுன்னு வைங்க. பழைய சட்டத்துல குத்தினவனுக்கும் தூக்கு, மோட்டார் ஸ்டார்ட் பண்ணி வச்சிக்கிட்டு நின்னவனுக்கும் அதே தூக்கு. நீதிபதி "இவன் செஞ்சது வேற, அவன் செஞ்சது வேற"ன்னு சொல்லக்கூட இடம் கிடையாது. குற்றத்துக்கு ஏத்த தண்டனைன்னு நாம எல்லாரும் சொல்றோமே, அந்த "ஏத்த"ங்கறத அளந்து பாக்க ஆளே இல்லாம இருந்துச்சு. கட்டாயத்த எடுத்ததுக்கு நான் சந்தோஷப்பட்டது அதுக்காகத்தான், கொலைகாரங்க மேல இரக்கப்பட்டு இல்ல.

உங்க கேஸ்ல அந்த பையனுக்கு குற்றம் நடந்தப்ப 18 ஆகல, அதனால சிறார் சட்டப்படி தூக்கு கிடையவே கிடையாது. குற்றம் நிரூபணமானா சுல்தானோட விருப்பம் இருக்கற வரைக்கும் தடுப்புல வைப்பாங்க, இத்தன வருஷம்னு தேதி போட மாட்டாங்க, வருஷத்துக்கு ஒரு தடவயாவது அவன் நிலைமைய மறுபரிசீலனை பண்ணுவாங்க. இது லேசான தண்டனைன்னு நினைக்காதீங்க. எப்ப வெளிய வருவோம்னு தெரியாமயே வளர்ற பையன் அவன்.

குறள் சொன்ன பெரியவருக்கு

அந்த குறள் இருக்கறது உண்மை. 550வது குறள், "கொலையிற் கொடியாரை வேந்தொறுத்தல் பைங்கூழ் களைகட் டதனொடு நேர்". நான் அத மழுப்ப மாட்டேன். ஆனா அதே செங்கோன்மை அதிகாரம் எப்படி ஆரம்பிக்குதுன்னு அந்த பெரியவர்கிட்ட கேளுங்க. "ஓர்ந்துகண் ணோடாது இறைபுரிந்து யார்மாட்டும் தேர்ந்துசெய் வஃதே முறை." நல்லா ஆராஞ்சு, யார் பக்கமும் சாயாம, யோசிச்சு செய்யறதுதான் முறைன்னு முதல் குறள்லயே சொல்லிட்டுத்தான் மத்தத சொல்றாரு. அதோட களை எடுக்கறது வேந்தனோட வேலைன்னுதான் குறள் சொல்லுது, செத்தவனோட அக்காவோட வேலைன்னு சொல்லல. அந்த பாரத்த உங்க தலைல ஏத்தற உரிமை கமிட்டிக்கு கிடையாது.

பயம் போயிடும், தூக்கு இருந்தாத்தான் பையனுங்க அடங்குவாங்கன்னு சொல்றாங்க. சரி, போதைப்பொருள் கடத்தினா கட்டாய தூக்குன்னு 1983ல கொண்டு வந்தாங்க. அதுக்கப்புறம் நாப்பது வருஷம் அந்த சட்டம் இருந்துச்சு, நடுவுல கொஞ்சம் தளத்தினாங்க, அவ்வளவுதான். நம்ம தோட்டங்கள்ல சியாபு போதை குறைஞ்சுச்சா? நீங்களே சொல்லுங்க. அமெரிக்காவுல தேசிய ஆராய்ச்சி குழு ஒண்ணு 2012ல அதுவரைக்கும் வந்த ஆய்வ எல்லாம் எடுத்து பாத்துட்டு, தூக்கு கொலைய குறைக்குதா கூட்டுதான்னு சொல்ற அளவுக்கு இதுல எதுவும் இல்ல, இத வச்சி சட்டம் போடாதீங்கன்னு சொல்லிட்டாங்க. அந்த ராத்திரி குடிச்சிட்டு அரை மணி நேரம் கழிச்சு திரும்பி வந்தவன் 302 எத்தன வருஷம்னு கணக்கு போட்டுட்டா வந்திருப்பான்? புடிபடுவோம்னு நிச்சயமா தெரிஞ்சிருந்தா ஒருவேளை நின்னிருப்பான். அந்த சந்துல ஒரு லைட்டு கூட எரியலன்னு நீங்களே எழுதியிருக்கீங்க.

நம்ம நாட்டுலயே 2013ல ரோஜர் ஹூட்ங்கற பேராசிரியர் ஒரு கருத்துக்கணிப்பு வெளியிட்டாரு. கொலைக்கு கட்டாய தூக்கு வேணுமான்னு பொதுவா கேட்டப்ப பாதிக்கு மேல ஆமான்னாங்க. அப்புறம் கொலை கேஸ்ங்கள ஒண்ணொண்ணா, யாரு, எப்படி, எதுக்குன்னு விவரத்தோட சொல்லி கேட்டப்ப, எல்லா கேஸுக்கும் தூக்குன்னு சொன்னவங்க ரொம்ப கொஞ்சம் பேரு. ஜனங்க இரக்கமில்லாதவங்க இல்ல, விவரம் தெரியாத வரைக்கும்தான் கயிறு சுலபமா தெரியுது.

நான் ஏன் தூக்குக்கு எதிரானவன்னு கேட்டா ரெண்டு காரணம் சொல்வேன். தீர்ப்பு தப்பா போனா திருத்த முடியாது, இது எல்லாருக்கும் தெரிஞ்சது. இன்னொண்ணு எனக்கு இன்னும் முக்கியம், கயிறு எப்பவும் யார் கழுத்துல போய் விழுதுன்னு பாருங்க. 2022 ஏப்ரல் 27ஆம் தேதி சிங்கப்பூர்ல தூக்குல போட்ட நாகேந்திரன் நம்ம பேராக் பையன், ஐகியூ 69, தொடைல கட்டி கொண்டு போனது 42.72 கிராம் ஹெராயின், அத குடுத்து அனுப்பினவன் அந்த கோர்ட்ல நிக்கல. அப்ப நம்ம ஆளுங்க மெழுகுவத்தி ஏத்தி, கோயில்ல அர்ச்சனை பண்ணி வேண்டிக்கிட்டாங்க. அவரு யாரையும் கொல்லல, உங்க தம்பி கேஸ் வேற, ரெண்டையும் ஒண்ணுன்னு சொல்ல வரல. ஆனா அந்த குடும்பத்துக்காக அன்னிக்கி நாம கேட்டது "ஆள பாத்து தண்டனை குடுங்க"ங்கறது, இன்னிக்கி இந்த 22 வயசுக்காரன் விஷயத்துல அதையே கேக்க எனக்கு மனசு வருது, உங்களுக்கு வரலன்னா நான் புரிஞ்சிக்கறேன்.

இன்னும் ஒண்ணு, இது கொள்கை இல்ல, அனுபவம். தூக்குன்னு தீர்ப்பு வந்தா அன்னிக்கோட முடிஞ்சிடும்னு குடும்பங்க நினைக்கறாங்க. முடியாது. அப்பீல் கோர்ட், அப்புறம் கூட்டரசு கோர்ட், அப்புறம் மன்னிப்பு வாரியம், ஒவ்வொண்ணுக்கும் தம்பி படம் மறுபடி பேப்பர்ல வரும், அந்த ராத்திரிய மறுபடி யாராவது வாசிப்பாங்க. உங்க தம்பி பொண்ணு படிக்க தெரிஞ்ச வயசுக்கு வந்த பிறகும் அது ஓடிக்கிட்டிருக்கும்.

மாமா குடுக்கற 20 ஆயிரம்

வாங்காதீங்க. கையெழுத்தும் போடாதீங்க. இதுல எனக்கு ரெண்டு யோசனை இல்ல. கொலை கேஸ் ரெண்டு குடும்பம் பேசி சமாதானமா போற வகை குற்றம் இல்ல. தண்டனைலேந்து ஒருத்தன தப்பிக்க வைக்கறதுக்காக காசு வாங்கறது தண்டனை சட்டம் 213வது பிரிவுல குற்றம், குடுக்கறதும் குற்றம்தான். சாட்சிக்கு போகாதீங்கன்னு சொல்றது இன்னும் மோசம், சாட்சி சொல்ல வர சொல்லி கோர்ட் சப்பீனா வந்த பிறகு நீங்க போகாம இருந்தா உங்க மேலயே வாரண்ட் வரலாம். அந்த மாமா மறுபடி வந்தா பேசாம போலீஸ் பாலாய்க்கு போய் ஒரு ரிப்போர்ட் செஞ்சு, அந்த காப்பிய ஐஓகிட்ட குடுத்துடுங்க.

அந்த அம்மா விஷயம் வேற. அவங்க காசோட வரல, அழுதுகிட்டு வராங்க. அவங்கள உள்ள கூப்பிட்டு காப்பி குடுக்கணும்னு நான் சொல்ல மாட்டேன். பாக்க முடியலன்னா, "கேஸ் முடியற வரைக்கும் வராதீங்கக்கா"ன்னு வேற யாரையாவது விட்டு சொல்லுங்க, அது கல் நெஞ்சம் இல்ல. ஒரு நாள் மன்னிக்க தோணினாலும் அதுக்கு கோர்ட் பேப்பர் தேவையில்ல, அது உங்க மனசுக்குள்ள நடக்கறது, தோணாமலே போனாலும் நீங்க யாருக்கும் கடன்பட்டவங்க இல்ல. ரெண்டையும் யாரும் ஒரு தேதிக்குள்ள உங்ககிட்ட கேக்க முடியாது.

உங்களுக்குன்னு சட்டத்துல இருக்கற இடம்

இத ரொம்ப பேருக்கு தெரியாது. குற்றவியல் நடைமுறை சட்டம் 183ஏ பிரிவு, குற்றம் நிரூபணமான பிறகு, தண்டனை சொல்றதுக்கு முன்னாடி, இறந்தவரோட குடும்பத்துல ஒருத்தர் கேட்டுக்கிட்டா, இந்த குற்றத்தால எங்களுக்கு என்ன ஆச்சுன்னு கோர்ட்ல சொல்ல விட்டே ஆகணும்னு சொல்லுது. கேட்டுட்டு நேர்ல வர முடியாம போனா எழுத்துல குடுத்தத நீதிபதி ஏத்துக்கலாம். தமிழ்ல பேசலாம், கோர்ட் மொழிபெயர்ப்பாளர் இருப்பாரு.

அப்படி ஒரு அம்மா பேசினத நான் கேட்டிருக்கேன். அவங்க தூக்குன்னோ மன்னிப்புன்னோ ஒரு வார்த்தை பேசல. மகன் சாப்பாட்டு டிப்பன எடுத்துக்கிட்டு விடிகாலை தோட்டத்து பெரட்டுக்கு (ஆள் கணக்கு எடுக்கற இடத்துக்கு) போவான், இப்பவும் ராத்திரி அரிசி களையும்போது கை தானா ஒரு டின் கூட போட்டுடுது, அப்புறம் அத திரும்ப எடுத்து கொட்டறேன்னு சொன்னாங்க. மொழிபெயர்ப்பாளர் அத மலாய்ல சொல்லும்போது குரல் நின்னு போச்சு, குற்றவாளிக்கூண்டுல இருந்தவன் அதுவரைக்கும் மேல பாத்துக்கிட்டே இருந்தவன், தலைய குனிஞ்சவன் நிமிரல. எத்தன வருஷம்னு நீதிபதி படிச்சப்ப கூட அவன் அப்படி ஆகல.

உங்களுக்கும் அதத்தான் சொல்றேன். "தூக்குல போடுங்க"ன்னு சொல்ற இடமா அத வீணாக்காதீங்க, அத அரசு தரப்பு வாதாடிக்கும். தம்பி யாருன்னு சொல்லுங்க. பக்கவாதம் வந்த அப்பாவ மாசா மாசம் ஆஸ்பத்திரிக்கு தூக்கிக்கிட்டு போனது அவருதான்னு எழுதியிருந்தீங்களே, இப்ப யாரு தூக்கறாங்கன்னு சொல்லுங்க. தப்பு யாருதுன்னு வாதாடற இடம் இல்ல அது, நடந்த நஷ்டத்த மட்டும் சொல்ற இடம். உங்க மகள பக்கத்துல உக்கார வச்சி எழுதுங்க, அவ தூக்கு வேணாம்னு சொன்னாலும் உங்க தம்பி அவளுக்கும் மாமாதான், ரெண்டு பேரும் ஒரே ஆளுக்காகத்தான் அழறீங்க.

அப்புறம் தம்பி சம்சாரம். எல்லாரும் கயித்த பத்தி பேசிக்கிட்டிருக்காங்க, அந்த பொண்ணு மாசம் எப்படி ஓட்டுதுன்னு உங்க லெட்டர்ல கூட ரெண்டே வரிதான் இருக்கு. தம்பிக்கு சம்பளத்துல சொக்சோ (தொழிலாளர் சமூக காப்புறுதி) புடிச்சிருந்தா, வேலைல சாகலன்னாலும், சந்தா போதுமான அளவு கட்டியிருந்தா சம்சாரத்துக்கும் குழந்தைக்கும் பென்சென் பெனாக்காட் (இறந்தவரோட குடும்பத்துக்கு தர பென்ஷன்) கிடைக்கும், பெர்கேசோ, அதாவது சொக்சோ ஆபீஸ்ல இறப்பு பத்திரம், கல்யாண பத்திரம், குழந்தையோட பிறப்பு பத்திரம் குடுத்து கேக்கணும். கேடபிள்யூஎஸ்பி (ஊழியர் சேமநிதி) காச எடுத்தாச்சான்னு பாருங்க. குத்தினவன் மேல நஷ்டஈடு கேட்டு சிவில் கேஸ் போட அந்த பொண்ணுக்கும் குழந்தைக்கும் உரிமை உண்டு, தம்பி இறந்த நாள்லேந்து மூணு வருஷத்துக்குள்ள போடணும், ஆனா வேலை வெட்டி இல்லாத 22 வயசுக்காரன்கிட்டேந்து என்ன வரும்னு நீங்களே யோசிச்சுக்கங்க, லாயர் பீஸ் அதுக்கு மேல போயிடும். அத விட, தீர்ப்பு நேரத்துல டிபிபியே கோர்ட்ல இழப்பீடு கேக்க அதே நடைமுறை சட்டம் 426வது பிரிவுல வழி இருக்கு, அதுக்கு உங்களுக்கு செலவு இல்ல.

அதனால கேஸ கோர்ட்ல எடுக்கற அடுத்த மென்ஷனுக்கு முன்னாடி டிபிபி ஆபீசுக்கு ஒரு லெட்டர் குடுங்க, ஐஓ பேரையும் கேஸ் நம்பரையும் மேல போட்டு. மூணு விஷயம் எழுதினா போதும், 304க்கு குறைக்கறத பத்தி முடிவு எடுக்கறதுக்கு முன்னாடி அந்த அரை மணி நேரத்து சாட்சிய பாருங்கன்னு, குற்றம் நிரூபணமானா 183ஏல குடும்பம் பேச விரும்புதுன்னு, 426ல இழப்பீடு கேளுங்கன்னு. மலாய்ல எழுத மக உதவி பண்ணட்டும். ரெண்டு காப்பி எடுத்துட்டு போய், வாங்கிக்கிட்டோம்னு ஒரு காப்பில சாப்பு (முத்திரை) அடிச்சு வாங்கி வச்சிக்கங்க. பெர்கேசோவுக்கு தம்பி சம்சாரத்த இந்த வாரமே கூட்டிக்கிட்டு போங்க.